வௌவால்களின் வகைகளும் உணவும்: கள்ளக்குறிச்சி, கல்வராயன் மலைப்பகுதி

வௌவால் பறக்கும் பாலூட்டி ஆகும். பறக்கும் அணில் போன்றவை மரத்துக்கு மரம் காற்றில் சறுக்கிச் செல்லுமே தவிரச் சிறகடித்துப் பறப்பதில்லை. பாலூட்டிகளில் உண்மையாகப் பறப்பது வௌவால் ஒன்றே. விலங்கியலார் இதனைக் ‘கைராப்டெரா’ என்னும் வரிசையில் வைத்துள்ளனர். கிரேக்க மொழியில் இதற்குக் ‘கைச்சிறகு’ என்று பொருள். வௌவாலின் சிறகு, நீண்ட விரல்களுக்கு இடையே இழுத்துக் கட்டிய தோலே. கட்டைவிரல் மட்டும் கொக்கி போலத் தனியே நீட்டிக்கொண்டிருக்கும்.

உலகில் 1,400-க்கும் மேற்பட்ட வௌவால் இனங்கள் உள்ளன. பாலூட்டி இனங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று வௌவால். ஆப்பிரிக்காவில் மட்டும் இருநூறுக்கும் மேற்பட்ட இனங்களும், இந்தியாவில் சுமார் 130 இனங்களும் வாழ்கின்றன. இத்தனை இனங்கள் இருந்தும் நம் பேச்சில் எல்லாம் ஒரே ‘வவ்வா’தான். வகுப்பில் வௌவால் என்ன தின்னும் என்று கேட்டால் பாதிப் பேர் பழம் என்பார்கள், மீதிப் பேர் இரத்தம் என்பார்கள். பூச்சி என்று சொன்ன பிள்ளைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆனால் நம் ஊர் வௌவால் இனங்களில் பெரும்பாலானவை பூச்சி உண்பவையே.

பழைய தமிழில் இதற்கு ‘வாவல்’ என்று பெயர். சங்கப் பாடல்களிலும் இந்த வடிவமே வருகிறது. ‘துரிஞ்சில்’ என்றும் ஒரு சொல் அகராதிகளில் உண்டு; சிறு வௌவாலைக் குறிக்கும். உசிலை மரத்துக்கும் அதே பெயர் வழங்குவதால், திருவண்ணாமலைப் பக்கம் ஓடும் துரிஞ்சலாற்றின் பெயரைக் கேட்டு உடனே வௌவாலைத் தேட வேண்டியதில்லை. பெரியதற்கு வௌவால், சிறியதற்குத் துரிஞ்சில் என்று இரு சொற்களைப் பிரித்து வழங்கினால் பாடம் நடத்தவும் எளிதாக இருக்கும்.

நிலமும் மரமும்

கள்ளக்குறிச்சி மாவட்டம் 2019-இல் விழுப்புரத்திலிருந்து பிரிக்கப்பட்டது. அதன் மேற்கில் கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான கல்வராயன் மலை உள்ளது. வடக்கிலுள்ள சின்னக் கல்வராயன் சராசரியாக 2,700 அடி உயரமும், தெற்கிலுள்ள பெரிய கல்வராயன் ஏறத்தாழ 4,000 அடி உயரமும் கொண்டவை. வெள்ளிமலை, கரியாலூர்ப் பக்கம் கடுக்காய், நாவல், அத்தி முதலிய மரங்களும், பாறை இடுக்குகளும், ஓடைகளும் உள்ளன. மலையடிவாரத்தில் கோமுகி அணை. கீழே சமவெளியில் கரும்பு, நெல், மரவள்ளி, மக்காச்சோளம். ஊர்தோறும் ஆலும் அரசும் புளியும், பழைய கோயில் மண்டபங்களும் உண்டு. இப்படிப்பட்ட நிலத்தில் பல வகை வௌவாலுக்கும் இடம் கிடைக்கும். பழந்தின்னிக்குப் பழமரம் வேண்டும். பூச்சியுண்ணிக்கு இருட்டான மண்டபமோ பாறைப் பிளவோ, பக்கத்தில் பூச்சி பறக்கும் வயலோ நீர்நிலையோ வேண்டும்.

கீழே கிடப்பதைப் பார்த்தல்

வௌவால் என்ன தின்கிறது என்பதை அறிய இரவில் விழித்திருக்க வேண்டியதில்லை. காலையில் அது தொங்கும் இடத்தின் கீழே பார்த்தால் போதும். மென்று துப்பிய நார்ச்சக்கை உருண்டைகளும், நாட்டு வாதாம், புன்னை, நாவல் கொட்டைகளும் கிடந்தால் மேலே இருப்பது பழந்தின்னி. கறுப்பாக, தொட்டால் பொடிந்துவிடும் சிறு புழுக்கைகள் கிடந்தால் பூச்சியுண்ணி. அந்தப் பொடியை வெளிச்சத்தில் பார்த்தால் வண்டின் ஓட்டுத்துண்டுகள் மினுங்கும். (எலிப் புழுக்கை இப்படிப் பொடியாது.) அந்துப்பூச்சியின் இறகுகளோடு தவளைக்கால், பல்லி வால், குருவி இறகு எல்லாம் கலந்து கிடந்தால் அது வேறொரு வௌவால். அதைப் பின்னால் பார்ப்போம்.

வௌவால் வாயாலேயே உண்டு வாயாலேயே கழிக்கும் என்று நம் பக்கம் ஒரு பேச்சு உண்டு. தலைகீழாகத் தொங்குவதால் வந்த கற்பனை என்று நெடுநாள் நினைத்திருந்தேன். துப்பிய சக்கை உருண்டைகளைப் பார்த்த பிறகுதான் விளங்கியது. வாயிலிருந்து உருண்டையாக ஏதோ விழுவதை யாரோ சரியாகத்தான் பார்த்திருக்கிறார்கள், பொருள்தான் தவறிவிட்டது. உண்மையில் பெரிய பழந்தின்னி கழிக்கும்போது கட்டைவிரல் கொக்கிகளால் கிளையைப் பிடித்து, தலை மேலாகத் திரும்பித் தொங்கிக்கொள்ளும்.

பழந்தின்னிகள்

தமிழகச் சமவெளியிலும் மலையடிவாரங்களிலும் பரவலாக உள்ள பழந்தின்னிகள் மூன்று.

பகலில் ஆல், புளி, மருது போன்ற பெரிய மரங்களில் கூட்டமாகத் தொங்குவது இந்தியப் பெரிய பழந்தின்னி. ‘டெரோபஸ்’ பேரினத்தைச் சேர்ந்தது. சிறகு விரிப்பு நான்கு அடிக்கு மேல் இருக்கும், எடை ஒன்றரைக் கிலோ வரை போகும். இதற்கு எதிரொலி கேட்டு இடமறியும் திறன் கிடையாது. பெரிய கண்களையும் மூக்கையும் நம்பியே பழம் தேடும். ஓர் இரவில் பல கிலோமீட்டர் பறந்து, விடியுமுன் அதே மரத்துக்குத் திரும்பிவிடும். ஆண்டுக்கு ஒரு குட்டிதான் போடும். ஒரு கூட்டம் அழிந்தால் எலியைப் போல உடனே பெருகி ஈடுகட்ட இதனால் முடியாது.

இரண்டாவது, குறுமூக்குப் பழந்தின்னி. ஐம்பது கிராம் அளவுதான். வீட்டுத் தோட்டத்துக் கொய்யாவிலும் சப்போட்டாவிலும் பற்குறி வைப்பது பெரும்பாலும் இதுவே. பழத்தை மரத்திலேயே உட்கார்ந்து தின்னாமல், வாயில் கவ்விக்கொண்டு வேறொரு மரத்துக்கோ நம் வீட்டுத் தாழ்வாரத்துக்கோ போய்த் தின்னும். அதனால்தான் நாவல் மரமே இல்லாத தெருவில் நாவல் கொட்டை கிடக்கிறது. இதன் ஆண், நெட்டிலிங்க மரத்தின் இலைக்கொத்துகளையும் சிறு கிளைகளையும், கூந்தற்பனையின் பழக்குலைகளையும் நாள்கணக்கில் கடித்து ஒழுங்குபடுத்திக் கூடாரம் போன்ற இடம் அமைக்கும். பெண் வௌவால்கள் அதில் வந்து தங்கும். தமிழ்நாட்டின் தென் மாவட்டங்களில் இக்கூடாரங்கள் விரிவாக ஆராயப்பட்டுள்ளன. இந்த இனம் இலைகளையும் மென்று சாற்றை உறிஞ்சிவிட்டுச் சக்கையைத் துப்பும். பழத்தில் சர்க்கரை மிகுதி, புரதமும் சுண்ணாம்புச்சத்தும் குறைவு. அந்தக் குறையை இலை ஈடுசெய்கிறது.

மூன்றாவது, குகைகளிலும் பாழடைந்த கட்டடங்களிலும் தங்கும் ரூசெட்டஸ் என்னும் பழந்தின்னி. பழந்தின்னிகளுள் இப்பேரினம் மட்டும் நாக்கைச் சொடுக்கி ஒலியெழுப்பி, இருட்டில் வழி கண்டுகொள்ளும். ஆப்பிரிக்காவில் எகிப்து முதல் தென்முனை வரை காணப்படும் எகிப்தியப் பழந்தின்னி இதன் நெருங்கிய உறவு.

பழந்தின்னிகளின் அண்ணத்தில் மேடுமேடாக வரம்புகள் இருக்கும். பழத்தை அவற்றில் வைத்து நாக்கால் அழுத்திச் சாறெடுக்கும். சாறு வயிற்றில் நெடுநேரம் தங்காது. ஒரு மணி நேரத்துக்குள் எச்சமாகி வெளியேறும். ஆல், அரசு, அத்தி விதைகள் சிறியவையாதலால் சாற்றோடு உள்ளே போய், பறக்கும்போதே விழுந்துவிடும். பனைமரத்தின் மட்டை இடுக்கில் ஆல் முளைப்பதற்குப் பறவைகளோடு வௌவாலும் காரணம். அத்தி இனத்து மரங்கள் எல்லாம் ஒரே பருவத்தில் பழுப்பதில்லை. ஒன்று ஓய்ந்தால் இன்னொன்று பழுக்கும். எனவே ஆண்டு முழுவதும் பழந்தின்னிக்கு அடிப்படை உணவு தருபவை இவையே. மாம்பழமும் கொய்யாவும் இடையிடையே கிடைக்கும் விருந்து. சந்தைக்குப் போகும் மாங்காயைப் பெரும்பாலும் பழுக்குமுன்பே பறித்துவிடுவதால் அதில் வௌவாலால் வரும் இழப்பு குறைவு. மரத்திலேயே பழுக்கவிடும் கொய்யா, சப்போட்டா, திராட்சை வைத்திருப்போரின் இழப்பு மெய்யானது. அதை இல்லை என்று சொல்வதில் பயனில்லை. அவர்கள் மெல்லிய நைலான் வலையைத் தளர்வாகப் போர்த்துவதைவிட, தடித்த நூலில் சிறு கண்ணுள்ள வலையை இறுக்கமாகக் கட்டுவது நல்லது. தளர்ந்த வலையில் வௌவாலும் பறவையும் பாம்பும் சிக்கிச் சாகும்.

இலுப்பையும் இலவமும்

பழம் மட்டுமன்றிப் பூவும் இவற்றுக்கு உணவு. ‘ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை’ என்பது பழமொழி. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் சர்க்கரை ஆலைகள் இருக்கும் எங்கள் மாவட்டத்தில் இலுப்பைப் பூவை மனிதர்கள் மறந்துவிட்டார்கள், வௌவால் மறக்கவில்லை. கோடைத் தொடக்கத்தில் பூக்கும் இலுப்பையின் அல்லி வட்டம் சதைப்பற்றாக, இனிப்பாக இருக்கும். வௌவால் அதை வாயால் இழுத்துப் பிய்த்துத் தின்னும்போது முகத்தில் மகரந்தம் ஒட்டி அடுத்த பூவுக்குப் போகிறது. சூலகம் மரத்திலேயே நின்று காயாகிறது. தென்னிந்தியாவில் இலுப்பையின் மகரந்தச் சேர்க்கையில் பழந்தின்னிகளின் பங்கை மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2009-இல் வெளியிட்டனர். இலவமரத்தையும் அவர்கள் ஆராய்ந்துள்ளனர். இலவம் அந்திக்குப் பின் பூ விரிக்கும். தேன் மிகுதி. மேலே சொன்ன மூன்று பழந்தின்னிகளும் அதற்கு வருகின்றன. நம் தலையணைப் பஞ்சுக்குப் பின்னால் இந்த இரவு வேலை இருக்கிறது.

இதே உறவு ஆப்பிரிக்காவிலும் உண்டு. அங்குள்ள பெருமரமான பாவோபாப் இரவில்தான் மலரும். அதன் பூக்களுக்குப் பழந்தின்னிகள் வருகின்றன. இந்த மரம் வணிகர் வழியாக வந்து இராமநாதபுரக் கடற்கரையிலும் வளர்கிறது. ஜாம்பியா நாட்டுக் கசங்கா தேசியப் பூங்காவில் ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வைக்கோல் நிறப் பழந்தின்னிகள் இலட்சக்கணக்கில் வந்து குவிகின்றன. மழைக்காலப் பழங்கள் முடிந்ததும் கலைந்துவிடுகின்றன.

பூச்சியுண்ணிகள்

மாலையில் தெருவிளக்கைச் சுற்றி விர்ரென்று திரும்பித் திரும்பிப் பறப்பவை இவை. நான்கைந்து கிராம்கூட இல்லாத பிபிஸ்ட்ரெல் வௌவால்கள் ஓட்டு இடுக்கிலும் சுவர் விரிசலிலும் தங்கும். மஞ்சள் வயிற்று வீட்டு வௌவால், இலைமூக்கு வௌவால், குதிரைலாட மூக்கு வௌவால், எலிவால் வௌவால், மண்டபங்களிலும் பாறைகளிலும் ஒட்டியிருக்கும் கல்லறை வௌவால் எனப் பல உண்டு. செம்மஞ்சளும் கறுப்புமான வண்ண வௌவால் என்று ஒன்று காய்ந்து சுருண்ட வாழைச்சருகினுள் ஒளிந்திருக்கும். சருகு கழிக்கும்போது பட்டாம்பூச்சி என்று எண்ணி விட்டுவிடுவோரே அதிகம்.

இவை வாயாலோ மூக்காலோ மீயொலி எழுப்பி, அது பூச்சியின் மேல் பட்டுத் திரும்புவதைக் கேட்டு இரை பிடிக்கின்றன. மனிதக் காது 20 கிலோஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும். இலைமூக்கு வௌவால்கள் எழுப்பும் ஒலி 100 கிலோஹெர்ட்ஸைத் தாண்டும்.

இத்தனை இனங்களும் ஒரே ஊரில் பூச்சியைத்தான் தின்கின்றன என்றால் ஒன்றோடொன்று போட்டி வராதா? இந்தக் கேள்விக்கு விடை கிடைத்த இடங்களில் மதுரை முக்கியமானது. ஜெர்மானிய ஆய்வாளர் கெர்ஹார்ட் நாய்வைலர், மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்களுடன் சேர்ந்து 1980-களில் மதுரைச் சுற்றுவட்டாரத்து வௌவால்களைக் கவனித்தார். வானத்தை அவை அடுக்கடுக்காகப் பங்கிட்டுக்கொண்டிருந்தன. கல்லறை வௌவாலும் மடிவால் வௌவாலும் மிக உயரத்தில், திறந்த வெளியில் வேகமாகப் பறக்கும். எலிவால் வௌவால் மர உச்சிகளுக்கு மேலே. பிபிஸ்ட்ரெல் மரங்களைச் சுற்றியும் இடைவெளிகளிலும். இலைமூக்கு வௌவால் இலைகளுக்கு நெருக்கமாக. ஒவ்வொன்றின் சிறகு நீளமும் எழுப்பும் ஒலியும் அந்தந்த இடத்துக்கு ஏற்றபடி அமைந்திருந்தன. உயரத்தில் பறப்பவற்றுக்குத் தொலைவு போகும் தாழ்ந்த அதிர்வெண் ஒலி; இலைகளுக்கு நடுவே பறப்பவற்றுக்கு நுணுக்கம் காட்டும் உயர்ந்த அதிர்வெண். அந்துப்பூச்சிகள் பலவற்றுக்கும் காது உண்டு. வௌவாலின் ஒலி கேட்டதும் சட்டென்று கீழே விழுந்து தப்பும். ஆனால் அவற்றின் காது 20 முதல் 60 கிலோஹெர்ட்ஸ் அளவில்தான் கூர்மை. நூற்றுக்கு மேல் ஒலிக்கும் இலைமூக்கு வௌவால் வருவது அவற்றுக்கு எளிதில் கேட்பதில்லை.

அதே பல்கலைக்கழகத்தில் மா. கி. சந்திரசேகரனும் ஜி. மாரிமுத்துவும் செய்த இன்னோர் ஆய்வையும் இங்கே சொல்ல வேண்டும். ஓர் இலைமூக்கு வௌவாலை வெளிச்சமே புகாத குகையில் கூண்டில் வைத்தார்கள். அதே குகையில் மற்ற வௌவால்கள் வழக்கம்போல் அந்தியில் வெளியே போய்வந்தன. கூண்டிலிருந்ததும் அவற்றின் நேரத்தையே பின்பற்றியது. வேறு வௌவால் இல்லாத குகையில் தனியே வைத்தபோது அதன் நாள் சிறிது சிறிதாக விலகிப்போயிற்று. இரை தேடப் புறப்படும் நேரத்தை இருட்டிலும் கூட்டம்தான் உணர்த்துகிறது என்பது இதிலிருந்து தெரியவந்தது.

பூச்சியுண்ணி ஓர் இரவில் தன் எடையில் பாதி வரை பூச்சி தின்னக்கூடும்; பாலூட்டும் தாய் அதற்கும் மேல். நெல்லைத் தாக்கும் வெண்முதுகுத் தத்துப்பூச்சியைத் தாய்லாந்தில் சுருக்க உதட்டு வௌவால்கள் தின்பதால் காப்பாற்றப்படும் அரிசி, ஆண்டுக்கு ஏறத்தாழ 26,000 பேருக்கு உணவாகும் என்று 2014-இல் வெளிவந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. நம் பகுதியிலும் நெல்லின் குருத்துப்பூச்சி, கரும்பின் இளங்குருத்துப்புழு, 2018-இல் இந்தியாவுக்குள் நுழைந்து மக்காச்சோளத்தைத் தின்ற படைப்புழு ஆகியவற்றின் தாய்ப்பூச்சிகள் எல்லாம் இரவில் பறக்கும் அந்துப்பூச்சிகளே. பகலில் பறவை காக்கும் வயலை இரவில் காப்பது துரிஞ்சில்.

ஊன் உண்ணும் வௌவால்

தவளைக்காலும் குருவி இறகும் கிடந்ததாகச் சொன்ன இடம் இதனுடையது. மெகாடெர்மா லைரா என்பது அறிவியலில் நெடுங்காலம் வழங்கிய பெயர். ஆங்கிலப் பெயரைத் தமிழாக்கினால் ‘பொய்க் குருதியுண்ணி’ என்றாகும். பெரிய காதுகள் நெற்றியில் இணைந்திருக்கும். வால் வெளியே தெரியாது. பெரிய பூச்சிகளோடு தவளை, பல்லி, சுண்டெலி, சிறு பறவை, சில வேளைகளில் சிறு வௌவாலையும் பிடித்துத் தின்னும். இது தரைக்கு நெருக்கமாகப் பறந்து, இரை நகரும்போது எழும் சரசரப்பைக் கேட்டு இறங்கும். மாரிமுத்துவும் நாய்வைலரும் செய்த சோதனைகளில், தவளை தத்தும் ஒலி கேட்டதும் பாய்ந்த வௌவால், தவளை அசையாமல் இருந்தபோது கவனிக்கவில்லை. கிழக்கு ஆப்பிரிக்காவின் இதயமூக்கு வௌவால் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. அதுவும் இப்படித் தரையிலுள்ள வண்டுகளை ஒலி கேட்டுப் பிடிக்கும்.

உண்மையாகவே இரத்தம் குடிக்கும் வௌவால் இனங்கள் உலகில் மூன்றே. மூன்றும் மெக்சிகோ முதல் தென் அமெரிக்கா வரை வாழ்பவை. இந்தியாவிலும் ஆப்பிரிக்காவிலும் ஒன்றுகூட இல்லை. திரைப்படத்தில் பாழடைந்த அரண்மனைக் கதவு திறந்ததும் பறந்து வருபவை எல்லாம் பாவம், கொசுவும் வண்டும் தின்பவை.

மேகமலையில் கிடைத்த இனம்

தமிழ்நாட்டுக்கே சிறப்பு சேர்க்கும் ஒரு பழந்தின்னி உண்டு. 1948-இல் தேனிப் பக்கத்து மேகமலையில் ஆங்கஸ் ஹட்டன் என்னும் இயற்கை ஆர்வலர் ஒரு வௌவாலைப் பிடித்துப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பினார். குறுமூக்குப் பழந்தின்னி என்று சீட்டு எழுதி வைத்துவிட்டார்கள். 1972-இல் தாய்லாந்து அறிஞர் கிட்டி தொங்லோங்யா அதை எடுத்துப் பார்த்து, இது புதிய பேரினம் என்று கண்டு, பறவையியலார் சாலிம் அலியின் பெயரை இட்டார். பின்பு 1993-இல்தான் அது மறுபடி உயிருடன் கண்டறியப்பட்டது. மேற்குத் தொடர்ச்சி மலையின் தெற்குப் பகுதியில் மட்டும் வாழ்கிறது. காட்டத்தி, உருத்திராட்ச இனப் பழங்களை உண்கிறது. கிழக்குத் தொடர்ச்சியான கல்வராயனில் அதைத் தேட வேண்டியதில்லை. ஆனால் ‘சாதாரண வௌவால்’ என்று சீட்டு ஒட்டிய ஒன்று இருபத்து நான்கு ஆண்டுகள் அலமாரியில் கிடந்ததை மாணவர்களுக்குச் சொல்லலாம்.

சட்டமும் தங்குமிடமும்

1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் சாலிம் அலி பழந்தின்னியை முதல் அட்டவணையில் வைத்துக் காத்தது. மற்ற பழந்தின்னிகளை எலி, காகம் ஆகியவற்றோடு ‘தீங்குயிர்’ என்று ஐந்தாம் அட்டவணையில் போட்டது. யாரும் கொல்லலாம் என்ற நிலை. 2022-இல் கொண்டுவந்த திருத்தத்தில் அந்தத் தீங்குயிர் அட்டவணையே நீக்கப்பட்டது. பெரிய பழந்தின்னி இரண்டாம் அட்டவணைக்கு வந்தது. திருத்தம் 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. ஆகவே ஆஸ்துமாவுக்கு மருந்து என்று சொல்லி வௌவால் இறைச்சி தேடுவது இப்போது குற்றமும் ஆகும். அந்த இறைச்சி ஆஸ்துமாவைத் தீர்க்கும் என்பதற்கு மருத்துவச் சான்றும் இல்லை.

நோயச்சம் முற்றிலும் பொய்யன்று. 2018-இல் கோழிக்கோட்டுப் பக்கம் பரவிய நிபா வைரசுக்குப் பெரிய பழந்தின்னியே இயற்கை இருப்பிடம். வௌவால் கடித்த பழத்தை உண்ணாதிருத்தல், விழுந்து கிடக்கும் வௌவாலை வெறுங்கையால் தொடாதிருத்தல், மரத்தடியில் கிடக்கும் பழங்களைப் பொறுக்கும் பிள்ளைகளைக் கண்டித்தல் ஆகியவை தேவையான காப்பு. மரத்தை வெட்டிக் கூட்டத்தைக் கலைத்தால் அவை பல ஊர்களுக்குச் சிதறும்.

சட்டத்தால் காக்க முடியாதது தங்குமிடம். சாலை அகலமாகும்போது போவது நூறாண்டுப் புளியும் ஆலும். பழந்தின்னிக் கூட்டம் அப்படிப்பட்ட மரத்தில்தான் தங்கும், நட்ட கன்றில் தங்காது. கோயில் திருப்பணியின்போது இருட்டு மண்டபங்களுக்குக் கம்பிவலை அடிக்கிறார்கள். நாற்றமும் எச்சமும் உண்டு என்பதால் அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஆனால் புழக்கமில்லாத கோபுர மேல்நிலைகளை அடைக்காமல் விடலாம். மற்ற இடங்களை அடைக்கும்போதும், தாயின் மார்பைக் கவ்விய குட்டிகள் இருக்கும் மாதங்களைத் தவிர்த்து, அந்தியில் அவை வெளியேறிய பின் அடைக்கலாம்.

மதுரை மாவட்டம் புளியங்குளத்தில் முனி குடியிருப்பதாகக் கருதப்படும் ஆலமரத்தில் பெரிய பழந்தின்னிக் கூட்டம் ஒன்று தங்கிவந்ததும், முனிக்கு அஞ்சி ஊரார் அதற்குத் தீங்கு செய்யாமல் இருந்ததும் 1980-களிலேயே பதிவாகியுள்ளன. வெடிச்சத்தத்தில் மிரண்டு பகலில் பறக்கும் கூட்டம் குட்டிகளைத் தவறவிடும். அதனால் இப்படிப்பட்ட மரம் உள்ள வேறு சில ஊர்களில் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை.